ஏறினால் பால், இறங்கினால் பால்

நான் பிறந்த காலத்தில் குழந்தையைக் கையில் வாங்கியவர்கள் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், தொடையைப் பார்ப்பார்கள். தொடையில் எத்தனை மடிப்பு என்று கணக்கெடுத்த பிறகுதான் மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்ற வழக்கெல்லாம். மடிப்பு நிறைய இருந்தால் பெற்றவள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். இல்லாவிட்டால் விசாரணை தொடங்கிவிடும்: "ஏம்மா, பால் பத்தலையா?" அது ஆறுதலா குத்தலா என்பது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அழகான குழந்தை என்றால் குண்டுக் குழந்தை. அதில் மறுபேச்சே கிடையாது. எங்கள் வீட்டுக் காலண்டரில் வெண்ணெய்த் தாழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிருஷ்ணனுக்குக் கையில் மடிப்பு, காலில் மடிப்பு, கழுத்து இருப்பதாகவே தெரியாது. பால்மாவு டப்பாவில் சிரித்த வெள்ளைக்காரக் குழந்தைக்கும் அதே உடம்பு. கொஞ்சம் சதைப்பிடிப்பான பிள்ளை என்றால் ஊரில் 'கிளாக்ஸோ பேபி' என்பார்கள். சில வருஷம் கழித்துப் பிறந்த அதன் தம்பியை 'அமுல் பேபி' என்றார்கள். திருச்சியில் பொருட்காட்சி போட்டால் கொழுகொழு குழந்தைப் போட்டி இருக்கும். தராசில் உட்காரவைத்து நிறுத்துப் பரிசு கொடுப்பார்கள். என் தம்பியை அம்மா ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு போனாள். பரிசு யாரோ ஒரு தாசில்தார் வீட்டுப் பிள்ளைக்குப் போயிற்று. "அவங்க வீட்டுல ரெண்டு கறவை நிக்குது, ஜெயிக்காம என்ன பண்ணும்" என்று எங்கள் ஊரான குளித்தலை வரும்வரை பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

நான் போட்டிக்கே லாயக்கில்லாதவன். விலா எலும்பைப் பற்றிப் பாடம் நடத்தும்போது வாத்தியார் படம் வரைய மாட்டார். என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லுவார். திருச்சி ஜங்ஷனில் வண்ண விளக்கு சுற்றும் எடை மெஷின் ஒன்று உண்டு. ஏறி நின்று காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஆருடம். அப்பா என்னை ஏற்றி நிறுத்தி அட்டையை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார், சட்டென்று திருப்பினார். "நினைத்த காரியம் கைகூடும்னு போட்டிருக்குடா" என்று வாசித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எடை எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதற்கு வைத்தியம் என்ன என்பதில் டாக்டர், நாட்டு வைத்தியர், தபால்காரர் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. "புள்ளைக்குப் பாலக் குடுங்க." சொல்லுவதற்கு எளிய மருந்து. கொட்டிலில் எருமை இருந்தும் எங்களுக்குக் கிடைக்காத மருந்து.

எருமை, அப்பாவைப் பெற்ற அப்பாயியுடையது. காலைப் பால் கடைத்தெரு காபி கிளப்புக்கு வாடிக்கை. கறந்த பால் காபி கிளப் போய்ச் சேருவதற்குள் அளவில் கொஞ்சம் வளர்ந்துவிடும். காவேரிக்கரையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம். சாயங்காலப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, விடியற்காலையில் மத்தைப் போட்டுக் கடைவாள். திரண்ட வெண்ணெயை உருட்டித் தண்ணீர்ச் சட்டியில் மிதக்கவிட்டு, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிடுவாள். மிஞ்சிய மோர் பேரப் பிள்ளைகளுக்கு. கொழுப்பு முழுக்க விலைக்கு, கொழுப்பு நீங்கியது முழுக்க வயிற்றுக்கு. இன்றைக்கு இதே ஏற்பாட்டை ஒரு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தால் கன்சல்டேஷன் பீஸ் தனி.

முழுப் பால் வேண்டுமானால் காய்ச்சல் வரவேண்டும். மிளகு தட்டிப் போட்டு, மஞ்சள் தூவி, பனங்கற்கண்டு கரைத்து, ஆழாக்குக்கும் குறைவாக ஒரு டம்ளர். ஆரோக்கியமாக இருந்தால் சட்டிதான் கதி. வறட்டி அனலில் மெதுவாகச் சுண்டிய மண்சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் காந்தலைக் கொட்டாங்கச்சிச் சில்லால் சுரண்டித் தின்ன எங்கள் வீட்டில் முறை வைத்திருந்தார்கள். முறை தவறினால் அடிதடி. அந்தக் காந்தலின் ருசிக்கு இன்றுவரை எந்தப் பால்கோவாவும் ஈடில்லை என்று சொல்லுவேன். பசித்தவன் நாக்கு சொல்லும் சாட்சியம் என்று என் மகன் தள்ளுபடி செய்துவிடுவான்.

பால் எங்களுக்கு நிஜமாகக் கிடைத்தது அமெரிக்காவிலிருந்துதான். மதிய உணவுத் திட்டத்துக்கு 1961இலிருந்து 'கேர்' அமைப்பின் உதவி வந்தது. எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மூலையில் மூட்டை அடுக்கியிருப்பார்கள். மூட்டைமேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றி, அந்தப் பால்மாவைக் கொட்டி ஆயா கிண்டுவாள். எவ்வளவு கிண்டினாலும் கட்டி கரையாது. வரிசையில் நின்று அலுமினியத் தட்டில் பாலையும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கட்டியையும் வாங்குவோம். ஆயா அசந்த நேரத்தில் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டால், மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு அரை மணி நேரத்துக்குப் பேச்சு வராது. வாத்தியார் கேள்வி கேட்டு நாம் எழுந்து பதில் சொல்லாமல் நின்றால் அவருக்குப் புரிந்துவிடும், மூட்டை குறைந்திருக்கிறது என்று.

அந்த மாவின் பூர்வோத்தரம் பின்னாளில்தான் படித்தேன். அது வெண்ணெய் எடுத்த பால். கொழுப்பைப் பிரித்து வெண்ணெயாக விற்ற பிறகு மிஞ்சும் பாலை அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் ஒரு காலத்தில் பன்றிக்கு ஊற்றினார்கள். பன்றி நன்றாகக் கொழுத்தது. பிறகு அதை உலர்த்தி மாவாக்கக் கற்றுக்கொண்டார்கள். மாவு மலைபோலக் குவிந்தது. குவிந்தது ஏழை நாட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்தது. அப்பாயி செய்ததைத்தான் அமெரிக்காவும் செய்திருக்கிறது, கொட்டில் மட்டும் பெரிது. எங்களுக்கு இந்தப் பால் எதற்கு என்று கேட்டால், எடை கூடுவதற்கு. அந்த அமெரிக்காவே பின்னாளில் தன் பிள்ளைகள் குண்டாகிவிட்டன என்று பதறி, 2012இலிருந்து பள்ளிக்கூடங்களில் முழுப் பாலை நிறுத்திக் கொழுப்புக் குறைத்த பாலையும் கொழுப்பே நீக்கிய பாலையும் மட்டும் கொடுத்தது. எதற்கு? எடை கூடாமல் இருப்பதற்கு. பன்றி கொழுக்கவும், குளித்தலைப் பையன் தேறவும், அமெரிக்கப் பையன் இளைக்கவும் ஒரே பால்.

எடைக்கும் பாலுக்கும் முடிச்சுப் போட்ட பெரிய ஆராய்ச்சி ஒன்று நம் குன்னூரிலேயே நடந்திருக்கிறது. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் எலிகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்து ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு மாகாணத்துச் சாப்பாட்டைப் போட்டார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தது. அரிசியும் பேருக்குக் கொஞ்சம் மோருமாக மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலி 155 கிராம். பட்டியலில் கடைசி. அந்தக் கடைசி எலி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மெக்காரிசனுக்குப் பின் 1935இல் அங்கே இயக்குநராக வந்த ஆக்ராய்ட், விடுதிப் பிள்ளைகளுக்கு வெண்ணெய் எடுத்த பால்மாவைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். பால் குடித்த பிள்ளைகள் குடிக்காதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் கூடினார்கள். எல்லாருக்கும் பரம சந்தோஷம். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. உடல்பருமனைப் பற்றி இப்போது நமக்கு எச்சரிக்கை விடுக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவேதான்.

லண்டனில் இதற்கும் முன்பே செய்துவிட்டார்கள். கோரி மான் என்ற டாக்டர் ஓர் அநாதை விடுதிப் பையன்களுக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினம் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பால் கொடுத்தார். பால் இல்லாதவர்கள் வருஷத்துக்குச் சுமார் 1.75 கிலோ கூடினார்கள். பால் குடித்தவர்கள் சுமார் 3.2 கிலோ. 1926இல் இந்த அறிக்கை வந்தபோது அது பாலின் வெற்றி விழா. பள்ளிக்கூடங்களில் பால் கொடுக்கும் திட்டங்களுக்கெல்லாம் அஸ்திவாரம். பால் எடை கூட்டும் என்பதைக் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து அதையே கண்டுபிடித்துக் கைபிசைந்தார்கள். அதற்கு என் பேரன் கதைக்கு வரவேண்டும்.

பேரன் சென்னையில் பிறந்தவன். பழைய மாமல்லபுரம் சாலையில் பதினாலு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. அவன் வீட்டில் எருமை இல்லை, பாலுக்குப் பஞ்சமும் இல்லை. நாட்டிலேயே இல்லை. 1970களின் தொடக்கத்தில் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் பால் இருந்த தேசத்தில் 2023-24இல் 471 கிராம் ஆகிவிட்டது. வெண்மைப் புரட்சி நடத்திய குரியனும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் செய்த காரியம். கேலி பண்ண எனக்கு வாய் வராது. விடிவதற்குள் கதவுக் கைப்பிடியில் மாட்டிய பையில் ஆவின் பாக்கெட் வந்து விழுகிறது. நீலம் என்றால் 3 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. தேர்தல் சமயத்துக் கொடிபோல எந்த வீட்டு வாசலில் என்ன நிறம் தொங்குகிறது என்று பார்த்தே அந்த வீட்டின் சித்தாந்தத்தைச் சொல்லிவிடலாம். நாற்பது வயது தாண்டியவர் வீடு நீலம். பிள்ளை இருக்கும் வீடு ஆரஞ்சு. எங்கள் வீட்டில் இரண்டும் வரும். எனக்கு நீலம்.

டம்ளரும் போய்விட்டது. கார்ட்டூன் பொம்மை போட்ட மக் ஒன்று இருக்கிறது. ஒருநாள் சும்மா தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், 300 மில்லி பிடித்தது. காலையில் அது நிறைய, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிறைய, இரவில் "ஒண்ணுமே சாப்பிடலையே" என்று ஒன்று. வெறும் பாலை அவன் தொடமாட்டான். மால்ட் பவுடர் வேண்டும், அதன்மேல் சர்க்கரை வேண்டும். என் காலத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கண்ணால் பார்ப்பதற்கு யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். சாத்துக்குடி, ரொட்டி, ஹார்லிக்ஸ் மூன்றும் நோயாளிக்கு மரியாதை. படுத்தவர் எழுந்து வந்துவிட்டால் பாட்டிலைக் கழுவிக் காபித்தூள் போட்டு வைப்பார்கள். இன்று தெம்பாக ஓடி வருகிற பிள்ளைக்குத் தினமும் மூன்று வேளை நோயாளி மரியாதை.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்து ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். டாக்டரிடம் போனோம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தை அவர் எடுத்து வைத்தார். அதில் பெரியவர்களின் பிஎம்ஐ 23க்கு ஈடாக ஒரு கோடு, 27க்கு ஈடாக ஒரு கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் கூடுதல் எடை, இரண்டாவதையும் தாண்டினால் உடல்பருமன். இவன் முதல் கோட்டுக்கு மேலே ஏறி இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொருட்காட்சியில் முதல் பரிசு வாங்கக்கூடிய புள்ளி. அறுபது வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டான்.

"பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்று டாக்டர் கேட்டார். மருமகள் பெருமையோடு சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பாலை அடியோடு நிறுத்து என்று ஒன்று. அது எதிர்வீட்டுப் பெண்மணி தலைமையில். அவர் கொடுத்தனுப்பிய பாதாம் பால் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படித்தேன். பாதாம் பேருக்குத்தான் இருந்தது. தண்ணீர் விகிதத்தில் காபி கிளப்புக்குப் போன எங்கள் பாலைவிடத் தாராளம். அப்பாயி பார்த்திருந்தால் தொழிலே மாற்றியிருப்பாள். நீல பாக்கெட்டுக்கு மாற்று என்று மருமகள். எதையும் மாற்றாதே, வளர்கிற பிள்ளை என்று என் மனைவி. என் மகன் எந்தக் கட்சியிலும் சேராமல் லேப்டாப்பைத் திறந்தான். ஆராய்ச்சி என்றால் அவனுக்கு வேதவாக்கு. அவன் படிக்கப் படிக்க வீட்டில் கட்சித் தாவல் நடந்தது.

முதலில் அமெரிக்க ஆய்வு ஒன்று, 2005இல் வந்தது. 9 முதல் 14 வயது வரையுள்ள 12,829 பிள்ளைகளைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தினம் மூன்று கிளாஸுக்கு மேல் பால் குடித்தவர்களின் எடை கூடுதலாக ஏறியிருந்தது. எதிர்வீட்டுக் கட்சிக்கு உற்சாகம். ஆனால் ஏற்றத்தோடு ஒத்துப்போனது கொழுப்புக் குறைத்த பாலும் கொழுப்பு நீக்கிய பாலும்தான். பாலின் கொழுப்பு இல்லை. நீலக் கட்சியின் முகம் வாடியது. காரணம் என்னவாக இருக்கும் என்றால், மொத்தத்தில் உள்ளே போன கலோரி என்கிறது ஆய்வு. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பேர் வேண்டுமா என்றாள் என் மனைவி.

அடுத்து 2020இல் டொராண்டோவிலிருந்து. பழைய ஆய்வுகள் 28ஐச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதி ஆய்வுகளில் மட்டும் ஏறக்குறைய 21,000 பிள்ளைகள். முழுப் பால் குடித்த பிள்ளைகளுக்குக் குண்டாகும் வாய்ப்பு, கொழுப்புக் குறைத்த பால் குடித்தவர்களைவிட 39 சதவீதம் குறைவு. ஆரஞ்சு பாக்கெட் அரியணை ஏறியது. நடுவில் இன்னொரு கூத்து: பால் குடித்தால் உடம்பு இளைக்கும் என்றே அமெரிக்கப் பால் வியாபாரிகள் சில வருஷம் விளம்பரம் செய்திருக்கிறார்கள். 2007இல் அந்த நாட்டு வணிக ஆணையம் தலையிட்டபின் நிறுத்திக்கொண்டார்கள். பால் எதைத்தான் செய்யாது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

இந்த 39 சதவீதத்தில் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் குண்டாகிவிட்டான் என்றுதானே நீலத்துக்கு மாற நினைத்தாள் மருமகள்? ஒல்லியாக இருந்தால் ஆரஞ்சிலேயே விட்டிருப்பாள். நாளைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் கணக்கெடுக்க வந்தால், நீல பாக்கெட் வீட்டில் குண்டுப் பையன், ஆரஞ்சு பாக்கெட் வீட்டில் ஒல்லிப் பையன் என்றுதான் எழுதிக்கொண்டு போவார். பால் பிள்ளையின் உடம்பை முடிவுசெய்ததா, பிள்ளையின் உடம்பு பாலை முடிவுசெய்ததா என்று அந்தத் தாளில் இருக்காது.

என்னுடைய சந்தேகத்தை எனக்கு முன்பே ஒருவர் பட்டிருக்கிறார். 1930இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து மாபெரும் பால் பரிசோதனை நடந்தது. பத்தாயிரம் பேருக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைண்ட் பால். மீதிப் பத்தாயிரம் பேருக்கு ஒன்றும் இல்லை. பெப்ரவரியில் ஒரு நிறுவை, ஜூனில் ஒரு நிறுவை. பால் ஜெயித்ததாக அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் ஒருவர் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். நிஜப் பெயர் வில்லியம் கோஸட். வேலை, டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில். பால் கணக்கில் தண்ணீர் கலந்திருப்பதைப் பீர்க்காரர் கண்டுபிடித்தார்.

யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுப் போட்டோ அகர வரிசைப்படியோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கூடவே, இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்று பட்டால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. வாத்தியார் மனசு இளகிய மனசு. எலும்பும் தோலுமான பிள்ளையைப் பார்த்ததும் பால் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் வாத்தியாராக இருந்தால் என்னைத்தான் முதலில் தள்ளியிருப்பார். இதனால் தொடக்கத்திலேயே பால் இல்லாத கூட்டம் சுமார் மூன்று மாத வளர்ச்சி முன்னால் நின்றது. அதைவிட வேடிக்கை துணிக் கணக்கு. பிள்ளைகளை உடுப்போடு நிறுத்தார்கள். பெப்ரவரியில் கம்பளி, ஜூனில் மெல்லிய சட்டை. வசதியான பிள்ளை கழற்றிய கம்பளியின் கனம் அதன் எடையில் குறைந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கழற்றக் கம்பளியே இல்லை. ஆகப் பால் குடித்த ஏழைப் பிள்ளை அதிகம் தேறியதுபோலத் தெரிந்தது. இத்தனை ஆயிரம் பேர் எதற்கு, ஒரே கருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் 50 ஜோடி போதுமே என்று கோஸட் எழுதினார்.

சீட்டுப் போட்டு ஒழுங்காகச் செய்த சின்னப் பரிசோதனை ஒன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்திருக்கிறது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 49 பேர், மூன்று மாதம், பாதிப் பேருக்கு முழுக் கொழுப்புப் பால் பண்டங்கள், பாதிப் பேருக்குக் கொழுப்புக் குறைத்தவை. முடிவில் உடம்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது பத்திரிகையில் தலைப்பாகாது. வாட்ஸ்அப்பிலும் வராது. என் மகன்கூட அதை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. நான்தான் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பால் பரிசுத்த ஆத்மா என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. நீல பாக்கெட் பால் 200 மில்லியில் சுமார் 120 கலோரி, ஆரஞ்சில் 175ஐ ஒட்டி. இந்த 55 கலோரிக்காகத்தான் எங்கள் வீட்டில் இவ்வளவு கட்சி. அதற்குள் விழும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி. மால்ட் பவுடர் 27 கிராம் போட்டால் ஏறக்குறைய 100. பாக்கெட் நிறத்தைப் பற்றி இரவு பதினோரு மணி வரை பேசிய ஒருவரும் டப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இணையக் கடைகள் எந்தப் பானத்தையும் 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். எங்கள் சமையலறை அலமாரியில் அந்த உத்தரவு இன்னும் அமலுக்கு வரவில்லை.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார், அதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஒண்ணுமே சாப்பிடலையே' என்று பாலை ஊற்றினால், பால் வயிற்றை அடைத்துக்கொண்டு அடுத்த வேளைச் சாப்பாட்டை விரட்டும். அந்தச் சாப்பாட்டில்தான் கீரை, பருப்பு, முட்டையின் இரும்புச்சத்து இருக்கிறது. பாலில் அது மிகமிகக் குறைவு. பாலாகவே குடித்துப் பளபளவென்று இருக்கிற பிள்ளைக்கு ரத்தசோகை இருப்பதை அவர் அடிக்கடி பார்க்கிறாராம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 35.5 சதவீதம், கூடுதல் எடை 3.4 சதவீதம். குளித்தலைப் பையன்கள் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்று அர்த்தம். எங்கள் ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவதில்லை. உலகக் கணக்கோ தலைகீழாகிவிட்டது. 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடல்பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம் என்று 2025இல் யுனிசெப் சொன்னது. பொருட்காட்சித் தராசு இப்போது எந்த மூலையில் கிடக்கிறதோ.

முடிவில் சமரசம் ஏற்பட்டது. பாக்கெட் பச்சை; இரு தரப்புக்கும் திருப்தியில்லாததால் நியாயமான தீர்ப்பு. மக்குக்குப் பதில் பரணிலிருந்து என் பழைய எவர்சில்வர் டம்ளர் இறங்கியது. தினம் இரண்டு. பவுடர் கிடையாது என்றதும் பேரன் முதல் வாரம் உண்ணாவிரதம் இருந்தான். பாட்டி மஞ்சள், மிளகோடு இரகசியமாகப் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்ததாகத் தகவல். சாயங்காலம் கீழே சைக்கிள் ஓட்டினால்தான் டிவி என்று என் மகன் சட்டம் போட்டான். மூன்று நாள் சட்டமாகவும் பிறகு வேண்டுகோளாகவும் அது நடந்தது. திறந்த டப்பாவை வீணாக்கக் கூடாதென்று அதை யார் தீர்த்தார்கள் என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

கோடை விடுமுறையில் மறுபடி டாக்டரிடம் போனோம். உயரம் கூடியிருந்தது. எடை, பள்ளிக்கூடத்துத் தாளில் இருந்ததைவிட ஒன்றேகால் கிலோ குறைவு. "பச்சை பாக்கெட்தான்" என்றாள் மருமகள். "சைக்கிள்" என்றான் மகன். "மஞ்சளும் மிளகும் சும்மாவா?" என்றாள் என் மனைவி. எதிர்வீட்டம்மா போனிலேயே பாதாம் பாலுக்கு உரிமை கோரினார். எனக்கு மட்டும் டப்ளின் பீர்க்காரர் நினைவு வந்து தொலைத்தது. பையனைப் பார்த்தேன், அரைக்கால் டவுசர், மெல்லிய பனியன், வெறுங்கால்.

"ஏன்டா, ஸ்கூல்ல எடை பார்த்தாங்களே, அப்ப ஷூ கழட்டினியா?"

"இல்ல தாத்தா. லைன்ல வேகமா போகச் சொன்னாங்க. லஞ்ச் பேக்கூட தோள்லதான் இருந்துச்சு."

"மாமா," என்றாள் மருமகள், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."